நான்கு பச்சை விளக்குகளும் ஒரு முகூர்த்தமும்

பேட்டரித் தேர்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, போன வருடம்தான் வீட்டோடு வந்து சேர்ந்தேன். ஓய்வு பெற்றவனிடம் எழுதக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு: அவன் நிறுத்தமாட்டான். அதனால் ஒரே ஒரு சம்பவத்தோடு முடித்துக்கொள்வதாக என் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் நான் புத்திசாலியாக நடந்துகொண்ட இடங்களை நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

நம் தொழில் என்னவென்று வெளியே யாருக்கும் தெரியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் கடையில் காருக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கிறேன் என்றுதான் என் மாமனார் கடைசிவரை நம்பினார். கொஞ்சம் விவரம் தெரிந்த உறவினர்களோ, எங்கே பார்த்தாலும் கைப்பேசியை நீட்டி, "இது ஏன் சாயங்காலத்துக்குள்ள செத்துப் போகுது?" என்று நாடி பார்க்கச் சொல்வார்கள். என் மைத்துனர் ஒருமுறை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பவர் பேங்க் ஒன்றைக் கொண்டுவந்தார். போலிகள் எடை குறைவாக இருக்கும், சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததே நான்தான். எடை அம்சமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு மூலையில் ஒற்றை செல், மீதி இடமெல்லாம் மணல். "மச்சான், மணலு எவ்ளோ நேரம் சார்ஜ் புடிக்கும்?" என்று அவர் கேட்டதை இன்னும் எந்த விருந்திலும் யாரும் மறக்கவிடுவதில்லை.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன்.

ஒரு கருவிக்கு பேட்டரி தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பதுதான். அடுத்து எடை. அடுத்து நம் ஊர் வெயிலைத் தாங்குமா, எத்தனை முறை சார்ஜ் ஏற்றலாம், என்ன விலை. இவற்றைக் கட்டம் போட்டு நிரப்பினால் எதை எடுப்பது என்று தாளே சொல்லிவிடும். நான் சொல்லப்போகும் விஷயத்திலும் தாள் சரியான பேட்டரியைத்தான் சொன்னது. அதை நினைவில் வையுங்கள். தவறான பேட்டரியைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

நாம் செய்யும் சளி உறிஞ்சும் கருவி உங்களுக்குத் தெரியும். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பவர்களால் சளியைத் தாங்களாகக் காறித் துப்ப முடியாது. குழாயில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். அடைப்பதற்குள் ஒரு மெல்லிய குழலை உள்ளே விட்டு, மோட்டாரைப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். வீட்டில் இருந்தால் சுவர் மின்சாரம். வெளியே போனால் பேட்டரி. அப்போதெல்லாம் அதில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஈய பேட்டரிதான். தூக்கினால் தோள் இறங்கும். நோயாளியையும் பிடித்துக்கொண்டு இதையும் தூக்க முடியாமல், பல வீடுகளில் நோயாளிகள் வெளியே போவதையே விட்டுவிட்டார்கள்.

நான் அதற்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத் தேர்ந்தெடுத்தேன். பாதி எடை. வெயிலுக்கு அசையாது. எளிதில் தீப்பிடிக்காது. பழைய பேட்டரி இருந்த அதே பள்ளத்தில், அதே வோல்ட்டில், அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்கார்ந்தது. மேலாளர்கள் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

கருவியின் முகப்பில் நான்கு பச்சை விளக்குகள் இருந்தன. பேட்டரியின் வோல்ட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அவை ஒவ்வொன்றாக அணையும். பழைய ஈய பேட்டரி படிக்கட்டில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கும். விளக்குகளும் அதற்கேற்ப அணையும். புதியது அப்படி இல்லை. மொட்டைமாடியில் காற்று வாங்குகிறவன்போல நேராக நடந்து போய், விளிம்பு வந்ததும் ஒரேயடியாக விழும். கடைசி நிமிடம்வரை வோல்ட் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். உங்களுக்கே முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

போதாக்குறைக்கு ஒருவர் நினைவும்படுத்தினார். கோயம்புத்தூரிலிருந்து வேலை விசாவில் வந்த சுமதிதான் அந்தக் கருவியின் மின்பலகைக்குப் பொறுப்பு.

"சார், பேட்டரி மாறுதுங்களே. விளக்குக்கு வெச்ச அளவெல்லாம் பழசுக்கு வெச்சதுங்க. அதையும் மாத்தோணுமல்லங்க?"

"மாத்தலாம் சுமதி. ஆனா போர்டுல கை வெச்சா மறுபடியும் முதல்லருந்து ஒப்புதல் வாங்கணும். மூணு மாசம் போயிரும். அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்."

"அதுவரைக்குமுங்க?"

"அதுவரைக்கும் விளக்கு கொஞ்சம் முன்னபின்ன காட்டும். யாரு பாக்கப்போறா?"

சோதனை அறையில் யாரும் பார்க்கவில்லை என்பது உண்மை. நம் பிரிவின் வழக்கம் ஒன்று உண்டு. வெளியாள் யாரும் செய்யமாட்டான். சோதனைக்குக் கருவியை மேசையில் வைத்ததும் மேல்மூடியைக் கழற்றி, விளக்குப் பட்டையின் இணைப்பைப் பிடுங்கிவிடுவோம். அந்த விளக்குகள் குடிக்கும் சொற்ப மின்சாரம் நம் அளவீட்டில் கலந்துவிடக் கூடாதாம். அவ்வளவு சுத்தம். பத்துக் கருவிகளை மூன்று வாரம் விடாமல் ஓட்டினோம். ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம், பிசகாமல். திரையில் அழகான கோடுகள் வந்தன. ஒரு கருவியிலும் ஒரு விளக்கும் இணைக்கப்பட்டிருக்கவில்லை.

பிறகு அந்தப் பத்தையும் மூடி போட்டு, விளக்கை மாட்டி, பத்து வீடுகளுக்கு முன்னோட்டமாகக் கொடுத்தோம். சில வீடுகளுக்கு நானே கொண்டுபோனேன். கூடவே ஒரு துண்டுத்தாள். அதில் "விளக்குகள் இரண்டாகக் குறைந்ததும் சார்ஜ் செய்யவும்" என்ற வரியை எழுதியவன் நான். கீழே என் கைப்பேசி எண்ணையும் போட்டிருந்தேன். பாராட்டு வந்தால் நேரடியாக வரட்டுமே.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பங்சாரில் ஒரு கடையில் நானும் மனைவியும் தோசைக்கு உட்கார்ந்திருந்தபோது வாட்ஸ்அப் புலனத்தில் வந்தது. அனுப்பியவர் கிள்ளானில் இருக்கும் பவானி அக்கா. அவர் கணவர் முத்தையா அண்ணன், துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழாயோடு இருப்பவர்.

"சார் வணக்கம். உங்க புது பேட்டரி சூப்பர் லா. செவ்வாக்கெழம சார்ஜ் போட்டது, வீட்லயும் வயர் மாட்டாம பேட்டரியிலயே ஓட்டுறேன், இன்னும் நாலு வெளக்கும் அப்படியே எரியுது. இன்னிக்கி இவரு தங்கச்சி மக கல்யாணம், பிரிக்பீல்ட்ஸ்ல. எட்டு மாசம் கழிச்சு மொத தடவயா வெளிய கூட்டிட்டுப் போறேன். சார்ஜர், அவசரத்துக்குக் கையால உறிஞ்சுற கைப்பம்பு எதையும் தூக்கல. பை அவ்ளோ லேசு. ரொம்ப நன்றி சார்."

கூடவே ஒரு படம். காரின் முன் இருக்கையில் முத்தையா அண்ணன், பட்டுச் சட்டை, வேட்டி, கழுத்தில் வெள்ளைத் துணி. மடியில் கருவி. நான்கு பச்சை விளக்குகள்.

எந்தப் புகாரும் என்னை அப்படிக் கலக்கியதில்லை. மேசையிலிருந்த டிஷ்யூத் தாளை இழுத்துக் கணக்குப் போட்டேன். செவ்வாயிலிருந்து ஐந்து நாள். நாளுக்குப் பதினைந்து தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். எழுபத்தைந்து போய்விட்டது. மிச்சம் பதினைந்து நிமிடம். வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கான கணக்கு இது. கார்ப் பயணம், கூட்டம், ஊதுபத்தி, ஹோமப் புகை எல்லாம் சேர்ந்தால் அவருக்கு இன்று இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். செய்தி வந்திருந்ததோ ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால். நான் கைப்பேசியை ஊமையாக்கி வைத்திருந்தேன்.

"என்னங்க, தோச ஆறுது."

"நல்ல சேதி வந்திருக்கு."

"மூஞ்சி அப்படி இல்லயே" என்றாள்.

பவானி அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை. கல்யாண மண்டபத்தில், பைக்குள், நாகஸ்வரத்துக்கு நடுவே ஒரு கைப்பேசி என்ன கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? செய்தி எழுதத் தொடங்கினேன். அத்தனை வருட அலுவலகப் பழக்கம் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது: "தங்கள் ஆதரவுக்கு நன்றி. முன்னோட்டக் கருவிகளில் விளக்குகளின் அளவீட்டில் சிறு மாறுபாடு இருக்க வாய்ப்புள்ளதால், முன்னெச்சரிக்கையாக, இயன்றபோது…"

மனைவி எட்டிப் படித்தாள். "யாருக்கு எழுதுறீங்க? டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுசருக்கா? இதப் படிச்சா நானே அப்பறமா பாத்துக்கலாம்னு வெச்சிடுவேன்."

அழித்தேன். மறுபடி எழுதினேன்: "அக்கா, விளக்க நம்பாதீங்க. பேட்டரி இப்ப முடியப்போகுது. தப்பு என்னோடது. நான் வந்துட்டு இருக்கேன்." என் பணிக்காலத்தில் மேலாளர் யாரிடமும் காட்டாமல் அனுப்பிய முதல் எழுத்து அதுதான். அதற்கு முன் எழுதிய எல்லாவற்றையும்விட அது தெளிவாக இருந்தது. ஆனால் அவர் அதைப் படித்ததற்கான அறிகுறி எதுவும் வரவில்லை.

மண்டபம் எது என்று செய்தியில் இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். கருவிக்கு அடியில் அழைப்பிதழ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் பெயரில் பாதி தெரிந்தது. அந்தப் பாதி போதும். பங்சாரிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான். ஆனால் வெறுங்கையோடு போய் என்ன செய்வது? அந்தக் கருவியின் சார்ஜர் எந்தக் கடையிலும் கிடைக்காது. இருப்பதெல்லாம் தெலுக் பங்லிமா காராங்கில், பூட்டிய தொழிற்சாலைக்குள். போய்த் திரும்பினால் இரண்டு மணி நேரம்.

சுமதி பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருந்தது நினைவுக்கு வந்தது. அவர் உதவி எதற்கென்று தெரியாமலே அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சீக்கிரம் சொல்லுங்க."

"அந்தப் பத்துல சேராத ஒரு கருவி எங்கூட்லதானுங்க இருக்கு. நீங்க வேண்டாம்னீங்க. ஆனா அந்த விளக்கு எனக்கு மனசுக்கு ஒப்பலைங்க. லீவு நாள்ல அளவ மாத்திப் பாத்துட்டிருக்கறனுங்க."

"அத அப்படியே தூக்கிட்டு ஓடுங்க!"

"கருவி சாப்பாட்டு மேசை பூரா பிரிச்சுக் கெடக்குதுங்க. சார்ஜர் மட்டும் முழுசா இருக்குங்க."

நிறுவனச் சொத்தை அனுமதியில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போனவரை நான் கண்டிக்க வேண்டிய இடம் அது. "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி மண்டபத்தின் பெயரைக் கொடுத்தேன்.

முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையில் பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் தேடியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "நீங்க எறங்கி ஓடுங்க, நான் சுத்திட்டே இருக்கேன்" என்றாள் மனைவி. மண்டப வாசலில் சுமதி நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் செருப்பு, அரைக்கால் சட்டை, கையில் சுருட்டிய சார்ஜர். வரவேற்புப் பெண்கள் அவர்மேல் பன்னீர் தெளித்து, நெற்றியில் சந்தனமும் வைத்துவிட்டிருந்தார்கள்.

"சார், ஆள் எப்படி இருப்பாருங்க?"

"கழுத்துல வெள்ளத் துணி."

முன்வரிசையின் இடது ஓரத்தில், மேடைக்குப் பக்கத்தில் அவரை உட்கார்த்தியிருந்தார்கள். தாய்மாமன் அல்லவா. மேடையிலிருந்து வந்த ஹோமப் புகை அந்தப் பக்கமாகத்தான் திரும்பியிருந்தது. பவானி அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தார்.

"சார்! நீங்களுமா! மாப்ள வீட்டுப் பக்கமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முத்தையா அண்ணனுக்கு இருமல் வந்தது. அக்கா என்னிடம் "ஒரு நிமிசம் சார்" என்றபடியே பழகிய கையால் குழலை எடுத்து விசையைத் தட்டினார். மோட்டார் ஓடியது. நான்கு பச்சை விளக்குகள். பத்து வினாடி இருக்கலாம். சத்தம் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, நின்றது. நான்கு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. மூன்று, இரண்டு என்ற பேச்சே இல்லை.

"நாலும் எரிஞ்சிச்சே! இப்பதானே எரிஞ்சிச்சு!" அக்கா விசையைத் தட்டினார், மறுபடி தட்டினார். முத்தையா அண்ணனின் கழுத்துக் குழாயிலிருந்து கொதிக்கும் பானையின் மூடி ஆடுவதுபோல ஒரு சத்தம். பிறகு அதுவும் குறைந்தது. சத்தம் இருப்பதைவிடக் குறைவதுதான் பயங்கரம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை, அவரால் முடியாது. கண்கள் மட்டும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது கை நாற்காலியைப் பிடித்திருந்தது. வலது கையை இறுக மூடியிருந்தார். வேதனையில் என்று நினைத்தேன்.

சார்ஜரின் ஒரு முனையை சுமதி கருவியில் செருகிவிட்டார். மறுமுனைக்குப் பக்கத்துத் தூணில் ஒரே ஒரு மின்புள்ளி. அதில் ஒரு நீட்டிப்புப் பெட்டி, நான்கு துளை. நான்கும் நிறைந்திருந்தது. நான்கு வயர்கள் நான்கு திசையில் கம்பளத்துக்கு அடியில் போயின. ஒன்று வீடியோக்காரரின் பெரிய விளக்கு என்பது மட்டும் நிச்சயம். அது தூணோரம்தான் நின்றிருந்தது. மற்றவை எதற்கென்று தெரியாது. எதைப் பிடுங்கினால் எது நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்த ஒன்றையே பிடுங்குவோம் என்று முடிவெடுக்க ஒரு வினாடி ஆகியிருக்கும். பிடுங்கினேன், அந்தத் துளையில் சார்ஜரைச் செருகினேன்.

சரியாக அப்போதுதான் ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் வெடித்தது. தாலி ஏறிய வேளையில் மேடை பாதி இருண்டது.

"டேய், எவன்டா பிளக்க புடுங்குனது! லைட்டு! லைட்டு!"

வீடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்தபடியே என் பக்கம் ஓடிவந்தார். யாரோ ஒரு மாமா, "யோவ், யாருய்யா நீ? எந்த வீட்டு ஆளு?" என்று என் சட்டையைப் பிடித்தார். சுமதி நீட்டிப்புப் பெட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "இதுல யாராச்சும் கை வெச்சீங்கன்னா தெரியும் பாத்துக்கங்க!" என்று கத்தினார். நெற்றியில் சந்தனம் வேறு. பார்க்கக் காவல் தெய்வம்போல இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது. பவானி அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குழலை உள்ளே விட்டார், சுழற்றினார், எடுத்தார், மறுபடி விட்டார். முக்கால் நிமிடம் போயிருக்கும். முத்தையா அண்ணனின் மார்பு நீளமாக ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை. நான் என் சட்டையைப் பிடித்திருந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்த பிறகு அக்காவிடம் உட்கார்ந்து சொன்னேன். பூசி மெழுகுவதற்கான வாக்கியங்கள் என்னிடம் நிறைய இருந்தன; அவற்றில் ஒன்றையும் எடுக்கவில்லை. விளக்குகள் பழைய பேட்டரிக்கானவை, அது எனக்குத் தெரிந்தே இருந்தது, சுமதி சொல்லியும் நான் தள்ளிப்போட்டேன், அந்தத் தாளை எழுதியவனும் நான்தான் என்றேன்.

அக்கா குழலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நான்தான் பை லேசா இருக்குன்னு எல்லாத்தயும் வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சிட்டேன் சார்" என்றார். "கொன்னுட்டோமேன்னு நெனச்சிட்டேன்."

என் இருபத்து மூன்று வருடத்தில் அதைவிடக் கனமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. தப்பு என்னுடையது, பழியை அவர் சுமந்துகொண்டிருந்தார்.

முத்தையா அண்ணன் கைப்பேசியில் எதையோ நிதானமாகத் தட்டி என்னிடம் நீட்டினார். "எங்க கம்பெனி லோரி மீட்டர் எப்பவும் அரை டேங்க் காட்டும். இருபது வருசம் ஓட்டினேன், ஒரு தடவகூட ரோட்ல நிக்கல. ஏன்னா மீட்டர் பொய்யின்னு மொத நாளே சொல்லிட்டாங்க." நான் படித்து முடித்ததும் கைப்பேசியைத் திரும்ப வாங்கி இன்னொரு வரி சேர்த்தார்: "சாப்பிட்டுட்டுப் போங்க. அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க."

சாப்பிட்டோம். காரில் பிரிக்பீல்ட்ஸை ஏழு சுற்றுச் சுற்றிய என் மனைவியும் வந்து சேர்ந்தாள். சட்டையைப் பிடித்த மாமா என் இலையில் இரண்டு தடவை பாயாசம் ஊற்றினார். மன்னிப்பாக இருக்கலாம், பழிவாங்கலாகவும் இருக்கலாம், அவ்வளவு இனிப்பு.

அன்று மாலைக்குள் மற்ற ஒன்பது வீட்டுக்கும் நானே பேசினேன். எட்டு வீட்டார் உடனே சார்ஜ் போட்டார்கள். ஜெஞ்சாரோமில் இருந்த ஒருவர் மட்டும் நம்பவில்லை. "அலமாக், சொந்தப் பொருள நம்பாதன்னு எந்தக் கம்பெனிக்காரன் போன் பண்ணுவான்? நீ ஸ்கேம்தானே?" என்று வைத்துவிட்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு ஜெஞ்சாரோமுக்கே போய் வாசலில் நின்றேன். திங்கட்கிழமை பத்துக் கருவியையும் திரும்ப வாங்கி, நடந்ததை என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "விளக்குக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் என்று நான் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருந்த வேலை ஐந்து வாரத்தில் முடிந்தது. பாதியை சுமதி தன் சாப்பாட்டு மேசையில் ஏற்கனவே முடித்திருந்தார். இப்போது நீங்கள் பார்க்கும் கருவி வோல்ட்டை நம்புவதில்லை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று எண்ணி, மிச்ச நிமிடத்தை எண்ணாகவே காட்டுகிறது.

நான் போட்டுவைத்த தேர்வுத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் பார்த்திருப்பீர்கள்: "இது தீரப்போகிறது என்று, வைத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?" அதை நிரப்பாமல் எந்த பேட்டரிக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்குப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சோதனை செய்யக் கூடாது என்று அறைச் சுவரில் ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான். கோணலாகத்தான் இருக்கும். இன்னொன்று. உங்கள் பக்கத்து மேசைக்காரர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன பதிலில் திருப்தி இல்லாமல் போனால், பின்னாலேயே போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எல்லாரும் சுமதியைப்போலச் சொல்பேச்சு கேட்காதவர்களாக அமைய மாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து பவானி அக்கா கல்யாண வீடியோவை அனுப்பினார். தாலி கட்டும் இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் இருட்டு. அதை வெட்டிவிட்டு வேறு படங்களை ஒட்டித் தருவதாக வீடியோக்காரர் சொன்னாராம். கல்யாணப் பெண்தான் வேண்டாம் என்றுவிட்டாளாம். ஏனென்று எனக்கு முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை பார்த்தபோது புரிந்தது, முத்தையா அண்ணன் வலது கையை ஏன் இறுக மூடியிருந்தார் என்பதும்தான். மங்கிய வெளிச்சத்தில் தாலி ஏறுகிறது. எல்லாப் பக்கமிருந்தும் அட்சதை கொட்டுகிறது. மேளம் உச்சத்துக்குப் போய் ஓய்கிறது. ஓய்ந்த இடத்தில் ஓரமாக ஒரு மோட்டார் சத்தம், கர்ரென்று, நிற்காமல். கடைசி அரிசியும் விழுந்து முடிந்த பிறகு, மணமக்கள் தலை நிமிர்ந்த பிறகு, இடது ஓரத்திலிருந்து ஒரு பிடி அட்சதை தனியாக வந்து பெண்ணின் தோளில் விழுகிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.